கிளிப் கழற்றிய பிறகும் பல் நகரும்

பள்ளி நாட்களில் கிளிப் போட்டுப் பல்வரிசையை நேராக்கிக்கொண்டவர்களில் பலர், முப்பது வயதைத் தாண்டியதும் ஒரு மாற்றத்தைக் கவனிக்கிறார்கள். கீழ்வரிசை முன்பற்களில் ஒன்று லேசாகத் திரும்பி, அதன் விளிம்பு பக்கத்துப் பல்லின் மேல் ஏறியிருக்கும். முன்பெல்லாம் சிக்காத கீரை அந்த இடுக்கில் சிக்கும். 'அன்று செய்த சிகிச்சையே சரியில்லை' என்றுதான் உடனே தோன்றும். பெரும்பாலும் அது உண்மையல்ல. வாழ்நாள் முழுக்கப் பல் நகர்ந்துகொண்டிருப்பது உடலின் இயல்பு. கிளிப் கழற்றிய பின் அதைப் பிடித்து நிறுத்தியிருந்த ரிடெய்னர் என்ற ஏற்பாடு நடுவில் நின்றுபோயிருக்கும்.

பல் நகர்வது ஏன்?

பல் தாடை எலும்போடு ஒட்டிக்கொண்டிருப்பதில்லை. மெல்லிய நார்கள் அதை எலும்புக் குழிக்குள் கட்டிவைத்திருக்கின்றன. கிளிப்பின் கம்பி அழுத்தும் பக்கம் எலும்பு கரைகிறது, இழுக்கும் பக்கம் புதிதாக வளர்கிறது. பல்லை நேராக்க உதவும் இதே வழியில்தான் அது மறுபடியும் கோணலாகிறது. குழிக்குள் இருக்கும் நார்கள் புதிய இடத்துக்குப் பழக மூன்று நான்கு மாதங்கள் போதும். பல்லின் கழுத்தைச் சுற்றி ஈறில் இருக்கும் மீள்நார்களுக்கோ ஓராண்டுக்கு மேலும் ஆகலாம். அதுவரை அவை இழுத்துப்பிடித்த ரப்பர் வளையம்போல் பல்லைப் பழைய இடத்துக்கே இழுக்கும். திருகியிருந்து நேராக்கப்பட்ட பல் எளிதில் மறுபடி திரும்பிக்கொள்வதற்கு இதுவே முக்கியக் காரணம்.

ஆனால் பத்துப் பதினைந்து ஆண்டுகள் கழித்து வரும் நெருக்கத்துக்கு ஈறு நார்களை மட்டும் காரணம் காட்ட முடியாது. அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் லிட்டிலும் அவரது குழுவினரும் முன்கடைவாய்ப் பற்களை எடுத்துச் சிகிச்சை பெற்றவர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். ரிடெய்னரை நிறுத்திப் பத்தாண்டுகள் ஆனபோது, ஏறத்தாழ மூன்றில் இருவருக்குக் கீழ்முன்பல் வரிசை திருப்தியாக இல்லை என்று 1981-இல் எழுதினார்கள். இருபதாண்டுகள் ஆனபோது ஏற்கத்தக்க வரிசை சுமார் 10 சதவீதத்தினரிடமே எஞ்சியிருந்தது என்பது 1988-இல் வந்த முடிவு. யாருக்கு நகரும், யாருக்கு நகராது என்பதைச் சிகிச்சைக்கு முந்தைய அளவுகளை வைத்து அவர்களால் கணிக்கவும் முடியவில்லை.

ஒரு பல்கலைக்கழகத்தில், அன்றைய முறையில் சிகிச்சை பெற்ற சிலரைப் பார்த்து எல்லோருக்கும் எப்படிச் சொல்வது என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான், அந்தச் சதவீதங்களை அப்படியே எல்லோருக்கும் பொருத்தக்கூடாது. ஆனால் கிளிப்பே போடாதவர்களுக்கும் வயது ஏற ஏறக் கீழ்த்தாடையின் பல்வளைவு குறுகுகிறது, முன்பற்கள் நெருங்குகின்றன. அதனால் சிகிச்சையை மட்டும் குறை சொல்வது பொருந்தாது.

ஞானப்பல் தள்ளுகிறதா?

ஞானப்பல் முளைத்து முன்பல்லைத் தள்ளிவிட்டது என்று வீட்டுக்கு வீடு சொல்வார்கள். பிரிட்டனில் 1998-இல் வெளியான சோதனை ஒன்றில் சிலருக்கு ஞானப்பல்லை எடுத்தார்கள், சிலருக்கு விட்டுவைத்தார்கள். பின்னாளில் வரும் நெருக்கத்தைத் தடுப்பதற்காக மட்டும் அதை எடுப்பது நியாயமில்லை என்பதே ஆய்வாளர்களின் முடிவு. ஞானப்பல்லில் வலியோ சொத்தையோ சீழோ இருந்தால் எடுக்கத்தான் வேண்டும். வரிசையைக் காப்பாற்றுவதற்கென்று அறுவை செய்துகொள்ளத் தேவையில்லை.

வாழ்நாள் முழுக்க ரிடெய்னரா?

இந்தக் கேள்வியில் உள்ள சலிப்பு புரிகிறது. ஆனால் நாள் முழுக்க அணியச் சொல்வது பெரும்பாலும் தொடக்க மாதங்களுக்குத்தான். பிறகு இரவில் மட்டும் அணிந்தால் போதும் என்பது பல மருத்துவர்களின் நடைமுறை. கழற்றி மாட்டுவதில் ஒழுங்கு வராதவர்களுக்கு, கீழ்வரிசையின் ஒரு கோரைப்பல் முதல் மறு கோரைப்பல் வரை உட்புறம் ஒட்டும் மெல்லிய கம்பி உண்டு. அதை ஒட்டியதோடு மறந்துவிடக்கூடாது. ஒரே ஒரு பல்லில் பசை விட்டுப்போனாலும், கம்பி இருக்கிறது என்ற நம்பிக்கையிலேயே அந்தப் பல் நகர்வது தெரியாமல் போகும். கம்பியைச் சுற்றிக் காரையும் படியும். எந்த வகை ரிடெய்னர் சிறந்தது என்பதற்கு உறுதியான சான்று இல்லை. ஆகவே தன்னால் எதை ஒழுங்காகப் பராமரிக்க முடியும் என்று பார்த்துத் தேர்ந்தெடுப்பதே சரி என்பது என் கருத்து.

நகர்ந்துவிட்டால்

முதலில் பார்க்க வேண்டியது ஈறு. மேல்முன்பற்களுக்கு நடுவே புதிதாக இடைவெளி விழுவது, பல் வெளியே சரிவது, ஆடுவது, துலக்கும்போது ரத்தம் கசிவது ஆகியவை ஈறுநோயின் அறிகுறிகளாக இருக்கலாம். கட்டுப்பாட்டில் இல்லாத சர்க்கரை நோய் அந்த ஆபத்தைக் கூட்டுகிறது. எலும்பு கரைந்துகொண்டிருக்கும் பல்லுக்கு, ஈறைக் குணப்படுத்தாமல், பல்லை நகர்த்தும் பிளாஸ்டிக் உறையான அலைனரை மாட்டினால் பல்லையே இழக்க நேரலாம். எக்ஸ்ரே எடுக்காமல், ஈறைச் சோதிக்காமல், அச்சு மட்டும் வாங்கிக்கொண்டு வீட்டுக்கே அலைனர் அனுப்பும் சேவைகளை நான் எதிர்ப்பது இதனால்தான்.

பழைய ரிடெய்னர் சற்று இறுக்கமாக இருந்தாலும் முழுவதும் உட்கார்ந்தால், இரவில் மறுபடி அணியத் தொடங்கலாம். ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நின்றால் கடித்து அழுத்தாமல் மருத்துவரிடம் காட்டுங்கள். கோணல் சிறியது, கடிப்பதில் சிரமமில்லை, பார்க்கவும் உறுத்தவில்லை என்றால், பல்லை இப்போதிருக்கும் நிலையிலேயே நிறுத்தப் புதிய ரிடெய்னர் செய்துகொள்வதும் நல்ல முடிவுதான். திரும்ப நேராக்குவதென்றால், இரண்டாம் சிகிச்சைக்குப் பணம் கட்டும் முன்பே கேட்டுவிடுங்கள்: முடிந்தபின் எந்த ரிடெய்னர், எத்தனை மாதத்துக்கு ஒருமுறை வந்து காட்ட வேண்டும், உடைந்தாலோ தொலைந்தாலோ புதியதற்கு என்ன செலவு? ரிடெய்னரை வெந்நீரில் கழுவினால் வளைந்துவிடும். சாப்பிடும்போது கழற்றினால் டப்பாவில் வையுங்கள், காகிதத்தில் சுற்றினால் இலையோடு குப்பைக்குப் போய்விடும்.