பேட்டரி கிரிப்: அசலா, மாற்றா?

மாணவர்களே, லாபு, பகாவ் பக்கத்துத் தோட்டங்களில் கோயில் திருவிழா என்றால் காலையில் காவடி புறப்படுவதிலிருந்து இரவு இரதம் திரும்பும் வரை படம் எடுக்க வேண்டும். ஒரு மின்கலம் அதற்குப் போதாமல் போகலாம். அதனால்தான் சிலர் கேமராவின் அடியில் ‘பேட்டரி கிரிப்’ பொருத்துகிறார்கள். கேமரா நிறுவனத்தின் அசல் கிரிப்பை வாங்குவதா, விலை குறைந்த மாற்றுத் தயாரிப்பை வாங்குவதா?

கிரிப் தானாக மின்சாரம் தருவதில்லை. இரண்டு மின்கலங்களை வைக்கும் பெட்டி, கேமராவைச் செங்குத்தாகப் பிடிக்கும்போது அழுத்த ஒரு பொத்தான், மின்சாரத்தைக் கடத்தும் உலோகத் தொடுமுனைகள் ஆகியவையே அதன் முக்கியப் பாகங்கள். கேனன் எல்பி-இ6 மின்கலத்தில் 7.2 வோல்ட், 1,800 மில்லி ஆம்பியர் மணி என்று இருக்கும். 7.2 × 1.8 = ஏறக்குறைய 13 வாட் மணி. இரண்டு வைத்தால் 26. எந்தக் கிரிப்பானாலும் இந்தக் கணக்கு மாறாது.

வேறுபாடு தொடுமுனையில் தெரியும். அது தளர்ந்தாலோ, ஈரக்காற்றில் அரித்தாலோ மின்தடை கூடும். தடை 0.1 ஓம், மின்னோட்டம் 2 ஆம்பியர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 0.2 வோல்ட் குறையும், 0.4 வாட் வெப்பமாக வீணாகும். மின்கலத்தில் ஆற்றல் மீதமிருந்தும் கேமரா முன்கூட்டியே அணைந்துவிடலாம். மழைநீரைத் தடுக்கும் இரப்பர் விளிம்பும் எல்லா மாற்றுக் கிரிப்புகளிலும் இருப்பதில்லை.

கிரிப்பைவிட மின்கலத்தில்தான் அதிகக் கவனம் வேண்டும். இது லித்தியம்-அயனி வகை. பொதுவாக ஒரு கலத்தில் 4.2 வோல்ட்டுக்கு மேல் மின்னேற்றினால் சூடேறித் தீப்பிடிக்கும் ஆபத்து உண்டு. அதைத் தடுக்க உள்ளே ஒரு பாதுகாப்புச் சுற்று இருக்கும். நல்ல மாற்று நிறுவனங்களும் அதைப் பொருத்துகின்றன. ஆனால் அசல் நிறுவனத்தின் பெயரை ஒட்டி விற்கும் போலியை நம்ப முடியாது. மாற்று வேறு, போலி வேறு. அதே அளவு மின்கலத்தில் இரு மடங்கு கொள்ளளவு என்று அச்சிட்டிருந்தால் சந்தேகப்படுங்கள்.

கையில் பணம் குறைவாக இருந்தால் கிரிப்பில் மிச்சம் பிடியுங்கள், மின்கலத்தில் வேண்டாம். கிரிப்பைப் பொருத்தி மெல்ல அசைத்துப் பாருங்கள். கேமரா அணைந்தால் வாங்காதீர்கள். சுவரில் சொருகும் சார்ஜரில் சிரிம் முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். உப்பிய மின்கலத்தை மறுபடி சார்ஜ் செய்யாதீர்கள். வெயிலில் நிற்கும் காரில் எந்த மின்கலத்தையும், அசலே ஆனாலும், விட்டுச் செல்லாதீர்கள்.