லுணுகங்கா: ஏரிக்கரையில் ஒரு வாழ்நாள் வேலை

கொழும்பிலிருந்து தெற்கே கடலோரமாக அறுபது கிலோமீட்டருக்குச் சற்று மேல் போனால் பெந்தோட்டை வரும். கடற்கரையை ஒட்டிப் பெரிய ஹோட்டல்கள் வரிசை பிடித்து நிற்கும் ஊர் அது. கடலுக்கு முதுகு காட்டி, உள்நாட்டுப் பக்கம் சில கிலோமீட்டர் நடந்தால் காட்சியே வேறு. பெந்தோட்டை ஆற்றோடு இணைந்த தெத்துவ ஏரி, கரையோரம் கண்டல் செடிகள், சின்னச் சின்ன வயல்கள். அந்த ஏரிக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு மேடுகளின் மேல்தான் லுணுகங்கா இருக்கிறது. தங்கும் அறைகளை இரு கை விரல்களுக்குள் எண்ணிவிடலாம். ஆனால் உலகெங்கும் கட்டடக்கலை படிக்கும் மாணவர்கள் இதைப் பார்க்கவென்றே இலங்கைக்கு விமானம் ஏறுகிறார்கள்.

இது ஹோட்டலாகக் கட்டப்பட்ட இடம் அல்ல. ஒரு மனிதர் ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள் செதுக்கிச் செதுக்கி உருவாக்கிய வீடும் தோட்டமும். அவர் பெயர் ஜெஃப்ரி பாவா. கோட்டேயில் உள்ள இலங்கை நாடாளுமன்றத்தை வடிவமைத்தவர்.

1919இல் பிறந்த பாவா முதலில் வழக்கறிஞர். கேம்பிரிட்ஜில் ஆங்கில இலக்கியமும் லண்டனில் சட்டமும் படித்தார். இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் சட்டத் தொழிலை விட்டுவிட்டு ஊர் ஊராகச் சுற்றினார். இத்தாலியில் கார்டா ஏரிக்கரையில் ஒரு மாளிகை வாங்கி அங்கேயே தங்கிவிட நினைத்தார், அது கைகூடவில்லை. நாடு திரும்பி, 1940களின் இறுதியில், தெத்துவ ஏரிக்கரையில் கைவிடப்பட்ட நிலையில் கிடந்த ஒரு ரப்பர் தோட்டத்தை வாங்கினார். டச்சுக்காரர் காலத்தில் கறுவாப்பட்டையும், ஆங்கிலேயர் காலத்தில் ரப்பரும் விளைந்த மண் அது. நடுவில் ஒரு சாதாரண பங்களா.

இத்தாலியில் கிடைக்காத தோட்டத்தை இங்கே உண்டாக்கிவிட வேண்டும் என்ற வெறி அவருக்கு. மரங்களை வெட்டினார், மண்ணை அள்ளினார், மேட்டைத் தாழ்த்தினார். செய்யச் செய்ய, தனக்கு ஆசை இருக்கிற அளவுக்குக் கட்டும் அறிவு இல்லை என்று புரிந்தது. அதற்காகவே லண்டனுக்குப் போய்க் கட்டடக்கலை படித்தார். 1957இல் தகுதி பெற்றபோது வயது 38. ஆசியாவின் மிகப் பெரிய கட்டடக் கலைஞர்களில் ஒருவரை உருவாக்கியது ஒரு தோட்டம்தான் என்று சொன்னால் அது மிகையே அல்ல.

அந்தத் தோட்டத்துக்குள் போனால் முதலில் எதுவும் பெரிதாகத் தெரியாது. இயற்கையே இப்படி அமைந்துவிட்டது போலிருக்கும். கொஞ்சம் நின்று கவனித்தால்தான் ஒவ்வொன்றிலும் ஒரு கை வேலை செய்திருப்பது பிடிபடும். பழைய பங்களாவுக்கு வாசல் வடக்கே, ஏரியைப் பார்த்தபடி இருந்தது. வண்டிகள் வந்து நிற்கும் இடமும் அதுவே. பாவா வாசலைத் தெற்குப் பக்கம் மாற்றினார். வருகிறவர்கள் வீட்டைக் கடந்து போனால்தான் ஏரி கண்ணில் படும். வண்டிகள் நின்ற இடம், தண்ணீரைப் பார்த்து உட்காரும் மொட்டை வெளியாயிற்று. அங்கே நிற்கும் ஈழத்தலரி மரங்களின் கிளைகளில் எடைக்கல் கட்டித் தொங்கவிட்டு, தான் விரும்பிய கோணத்தில் அவை வளைந்து படரும்படி ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார்.

இதைவிடப் பெரிய வித்தை தெற்கே இருக்கிறது. வீட்டுக்கும் எதிரே உள்ள கறுவா மேட்டுக்கும் நடுவே ஊர்ச்சாலை ஒன்று போகிறது. ஊருக்குச் சொந்தமான சாலையை மூட முடியாது, மூடவும் கூடாது. பாவா அதைப் பள்ளத்துக்குள் மறைத்து, மேலே தோட்டம் இடைவெளியில்லாமல் தொடர்வது போல் செய்தார். ஊரார் தம் வழியில் போகலாம், வரலாம். வீட்டுத் தாழ்வாரத்தில் இருப்பவர் கண்ணுக்குப் புல்வெளி மட்டுமே தெரியும். மேட்டின் உச்சியில் ஒரு மகிழ மரம், அதன் கீழே பழைய சீனத்துச் சாடி ஒன்று. பார்வை அந்தச் சாடியைத் தொட்டு அப்பால் போனால், தொலைவில் ஏரி. அதற்கும் அப்பால் ஒரு பௌத்த விகாரையின் வெள்ளைத் தாதுகோபம். அந்த விகாரை பாவாவின் சொத்து அல்ல. ஆனால் மேட்டைத் தாழ்த்தி, மறைத்த மரங்களை நீக்கி, அதையும் தன் தோட்டத்தின் கடைசிக் காட்சியாக அவர் சேர்த்துக்கொண்டார்.

தோட்டம் முழுக்க ஆங்காங்கே மணிகள் தொங்குகின்றன. ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு ஒலி. பாவா எந்த மணியை அடிக்கிறார் என்பதைக் கேட்டே, அவர் எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்று பணியாளர்கள் தெரிந்துகொண்டு தேநீரோ மதுவோ எடுத்துப் போவார்களாம். காலைக்கு ஓரிடம், வெயில் ஏறினால் வேறிடம், மாலைக்கு இன்னோரிடம் என்று வெயிலின் நகர்வையும் காற்றின் திசையையும் பார்த்துத்தான் அவர் இருக்கைகளைப் போட்டிருந்தார்.

‘பொட்டிக் ஹோட்டல்’ என்ற சொல் இன்று எல்லா ஊரிலும் புழங்குகிறது. சிறியது, தனக்கென ஓர் அழகு கொண்டது, சங்கிலி ஹோட்டல்களின் ஒரே அச்சில் வராதது என்று பொருள் கொள்ளலாம். வெப்பமண்டல நாடுகளின் நீர்க்கரைகளில் இப்படிப்பட்ட விடுதிகள் இன்று பூண்டிருக்கும் தோற்றத்தில் பெரும்பங்கு பாவா காட்டிய வழி. திறந்த தாழ்வாரம், முற்றம், சரிந்த ஓட்டுக்கூரை, வழவழப்பான சிமெண்ட் தரை, அறைக்குள்ளிருந்தே தெரியும் மரமும் தண்ணீரும்.

அந்த வழி வெறும் ரசனையில் பிறந்ததல்ல. 1960களில் இலங்கையில் அந்நியச் செலாவணிக்குத் தட்டுப்பாடு. இறக்குமதி இரும்பும் கண்ணாடியும் எளிதில் கிடைக்காது. உள்ளூர்க் கல், மரம், களிமண் ஓடு, கைத்தறி ஆகியவற்றோடு வேலை செய்தாக வேண்டும். நாட்டு ஓட்டில் ஒரு சிக்கல் உண்டு: காகமும் குரங்கும் ஓட்டை நகர்த்திவிட்டால் மழை உள்ளே ஒழுகும். பாவாவின் அலுவலகம் நெளிந்த சிமெண்ட் தகட்டைக் கீழே பரப்பி, அதன் பள்ளங்களில் அரைவட்ட ஓடுகளை அடுக்கியது. ஓடு நகர்ந்தாலும் தகடு நீரைத் தாங்கிக்கொள்ளும். வெளியே பார்த்தால் நாட்டு வீட்டின் கூரைதான். அகலமாக நீண்ட இறவாணம் சுவரில் வெயில் படாமல் காக்கும். எதிரெதிர்த் திறப்புகள் காற்றை இழுக்கும். முற்றத்தின் வழியே வெக்கை மேலே போய்விடும். நம் பாட்டன்மார் வீடுகளில் இருந்த அதே அறிவு, ஆனால் புதுக் கட்டடத்துக்குள்.

பாவாவின் தொழிலில் நெடுங்காலம் பங்காளியாக இருந்தவர் கே. பூலோகசுந்தரம் என்ற தமிழ்ப் பொறியாளர். பாவா காகிதத்தில் இழுத்த கோடுகள் மண்ணில் நிலைத்து நின்றதில் அவருடைய கணக்குக்குப் பெரிய பங்கு உண்டு. அவர் பெயர் இன்னும் உரக்கச் சொல்லப்பட வேண்டும். தமிழ்நாட்டிலும் பாவாவின் கைவேலை இருக்கிறது: 1970களில் கட்டப்பட்ட மதுரை கிளப் அவர் வடிவமைத்ததுதான். கொழும்பில் அவர் வாழ்ந்த வீட்டிலோ செட்டிநாட்டு மரத்தூண்கள் நிற்கின்றன.

பெந்தோட்டைக் கடற்கரை ஹோட்டல் 1969இல் அவர் வடிவமைப்பில் திறக்கப்பட்டபோது, வரவேற்புக் கூடத்தின் கூரையை ஈனா டி சில்வாவின் பத்திக் துணிகள் அலங்கரித்தன. அதே ஈனாவுக்காக 1960களின் தொடக்கத்தில் பாவா கொழும்பில் கட்டிய முற்றத்து வீட்டின் கதை தனியே சொல்லத்தக்கது. நகரத்தில் அந்த மனை கைமாறியபோது வீடு இடிபடும் நிலை வந்தது. காப்பாற்ற நினைத்தவர்கள் கல், தூண், கதவு, ஓடு என்று ஒவ்வொன்றுக்கும் எண்ணிட்டுப் பிரித்தார்கள். பல ஆண்டு உழைப்புக்குப் பின் லுணுகங்காவில் அதை மீண்டும் கூட்டி எழுப்பினார்கள். இன்று அதிலும் விருந்தினர் தங்கலாம்.

1970களில் பாவா பாலித் தீவுக்கும் போனார். ஆஸ்திரேலிய ஓவியர் டொனால்ட் ஃபிரெண்ட் அழைப்பில் சனூர் கடற்கரையில் பத்துஜிம்பார் என்ற குடில் தொகுப்பை வடிவமைத்தார். பிற்காலத்தில் பாலியின் விடுதிகள் அந்தப் பாணியிலிருந்து ஏராளமாக எடுத்துக்கொண்டன. அந்த ஓவியருக்குப் பாவாவை அறிமுகமாக்கிய தொடர்பும் தோட்டம் வழியாக வந்ததே: பாவாவின் அண்ணன் பெவிஸ், லுணுகங்காவுக்கு அதிகத் தொலைவில் இல்லாத ‘பிரீஃப்’ என்ற தன் தோட்டத்தில் ஃபிரெண்டை ஆண்டுக்கணக்கில் தங்கவைத்திருந்தார்.

1998இல் பக்கவாதம் தாக்கி பாவாவின் பேச்சு நின்றது. 2003 மே மாதம் அவர் காலமானபோது அஸ்தியைக் கறுவா மேட்டிலேயே அடக்கம் செய்தார்கள். அவர் பெயரில் இயங்கும் அறக்கட்டளையின் முன் ஒரு கடினமான கேள்வி நின்றது. இந்தத் தட்பவெப்பத்தில் தோட்டத்தைச் சில மாதங்கள் கவனிக்காமல் விட்டால் போதும், கொடியும் புதரும் எல்லாவற்றையும் மூடிவிடும். வெட்டி வைத்த காட்சிகள் மறையும், படிகள் பாசி பிடிக்கும், கூரை ஒழுகும். தோட்டக்காரர்கள் நாள்தோறும் வேண்டும், அவர்களுக்குக் கூலியும் வேண்டும். அருங்காட்சியகம் போலப் பூட்டி வைத்தால் அது செத்துவிடும். அறைகளை விருந்தினர்க்குத் திறந்துவிட்டதன் காரணம் இதுதான். தங்குகிறவர் கொடுக்கும் வாடகை, புல்லை வெட்டும் கைக்கும் கிளையை நறுக்கும் கைக்கும் போய்ச் சேர்கிறது.

அதனாலேயே இங்கே அறைகளின் எண்ணிக்கையைப் பெருக்க முடியாது. ஐம்பது அறை கட்டினால் வருமானம் கூடும். தாதுகோபம் வரை நீளும் அந்தப் பார்வை போய்விடும். பாவா பாணி என்ற பெயரில் தெற்காசியாவெங்கும் எழும் விடுதிகளில் பல, கூரையையும் சிமெண்ட் தரையையும் எடுத்துக்கொண்டு, நிலத்தைக் கவனிக்கும் பொறுமையை விட்டுவிடுகின்றன. மேட்டைச் சமன் செய்து, மரத்தை வெட்டி, கட்டி முடித்தபின் தொட்டியில் செடி வைத்தால் அது லுணுகங்கா ஆகாது.

அறை வாடகை நடுத்தரக் குடும்பத்துக்குக் கட்டுப்படியாகாது. ஆனால் தோட்டத்தை மட்டும் கட்டணம் செலுத்திச் சுற்றிப் பார்க்கலாம். வழிகாட்டி கூடவே வந்து விளக்குவார். கொழும்புக் கோட்டையிலிருந்து கடலோர ரயிலில் அளுத்கம வரை போய் அங்கிருந்து ஆட்டோ பிடிப்பது எளிது. மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. பெந்தோட்டைக் கடல் அப்போது குளிக்க உகந்ததல்ல என்று பயணிகள் தவிர்ப்பார்கள். ஆனால் இந்தத் தாழ்வாரங்கள் மழையைப் பார்ப்பதற்காகவே கட்டப்பட்டவை. கடலில் குளிப்பதைவிட இந்தத் தோட்டத்தைப் பார்ப்பதே நோக்கம் என்றால், அந்த மாதங்களைத் தேர்ந்தெடுத்துப் போகலாம்.