விளக்கும் பிளக்கும் ஒன்றாகப் போனால் சுவிட்சைக் குறை சொல்லாதீர்கள்

விடியற்காலை நாலரை மணி. சொசைட்டிக்குப் பால் ஊற்றப் போக வேண்டும். கொட்டகையில் சுவிட்சைத் தட்டினால் விளக்கு எரியவில்லை. அதே போர்டில் உள்ள பிளக்கில் தட்டு வெட்டும் மெஷினை மாட்டினால் அதுவும் ஓடவில்லை. திரும்பிப் பார்த்தால் வீட்டில் மட்டும் விளக்கு எரிந்துகொண்டிருக்கிறது.

மல்லசமுத்திரம் வட்டாரத்துத் தோட்டங்களில் இது பழகிய காட்சி. வீட்டிலிருந்து ஐம்பது அறுபது அடி தள்ளி மாட்டுக் கட்டுத்தறியும் டிராக்டர் நிற்கும் கொட்டகையும் இருக்கும். வீடு கட்டியபோது இழுத்த ஒயரில் ஒட்டுப் போட்டுப் பின்னாளில் கொட்டகைக்கு ஒரு விளக்கும் ஒரு பிளக்கும் கொடுத்திருப்பார்கள். அவை திடீரென்று நின்றுபோனால் நம் விவசாயி கடைக்குப் போய்ப் புது சுவிட்ச் வாங்கி வந்து மாட்டுகிறார். அப்போதும் எரிவதில்லை. "கரண்டுதான் இல்லையே" என்று எண்ணி, திறந்து கிடக்கும் ஒயர்களில் கை வைக்கிறார். ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

இரண்டும் சேர்ந்து சாவதில்லை

விளக்கின் சுவிட்ச் வேறு, பிளக்கின் சுவிட்ச் வேறு. இரண்டும் ஒரே நாளில், ஒரே நேரத்தில் பழுதாவது அபூர்வம். ஆகவே இரண்டும் சேர்ந்து நின்றால், இரண்டுக்கும் பொதுவாக உள்ளதில்தான் கோளாறு இருக்க வேண்டும். பொதுவானவை மூன்று: கொட்டகைக்கு உரிய பீஸ் அல்லது எம்.சி.பி., மின்சாரத்தைக் கொண்டு வரும் பேஸ் ஒயர், அது திரும்பிச் செல்லும் நியூட்ரல் ஒயர். வாய்க்காலில் இரண்டு பாத்திக்கும் தண்ணீர் வராவிட்டால் மடையைத் தோண்டிக்கொண்டிருக்க மாட்டோம். மேலே எங்கே உடைந்தது என்று பார்த்துக்கொண்டே போவோம். இதுவும் அப்படித்தான்.

முதலில் பார்க்க வேண்டியவை

1. பல்பைக் கழற்றி வீட்டில் மாட்டிப் பாருங்கள். மெஷினுக்குப் பதிலாக ஒரு செல்போன் சார்ஜரைப் பிளக்கில் மாட்டிப் பாருங்கள்.

2. வீட்டு மெயின் போர்டில் எம்.சி.பி. விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். சில எம்.சி.பி.க்களில் நெம்புகோல் பாதியில் நிற்கும். பார்வைக்கு விழுந்தது தெரியாது. முழுதும் கீழே இறக்கிவிட்டுப் பிறகு மேலே ஏற்ற வேண்டும். மறுபடியும் விழுந்தால் பிடித்து நிறுத்தக் கூடாது. எங்கோ ஒயர்கள் ஒட்டுகின்றன அல்லது கரண்ட் கசிகிறது என்று அது சொல்லுகிறது.

3. பழைய பீஸ் கட்டையாக இருந்தால், மெயினை அணைத்துவிட்டுக் கட்டையை எடுத்துப் பாருங்கள். கம்பி அறுந்திருந்தால் அளவான பீஸ் கம்பியையே போட வேண்டும். சாதாரண ஒயரை உரித்து அந்தக் கம்பியைப் போடுவது வீட்டுக்குத் தீ வைப்பதற்குச் சமம்.

டெஸ்டர் சொல்லும் சேதி

பீஸ் நன்றாக இருந்தால், போர்டைத் திறக்காமலே பிளக்கின் துளைகளில் டெஸ்டரை வைத்துப் பார்க்கலாம். முதலில் வீட்டில் கரண்ட் உள்ள பிளக்கில் வைத்து, டெஸ்டர் எரிகிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். கை உலர்ந்திருக்க வேண்டும். டெஸ்டரின் உலோகத் தண்டில் விரல் படக் கூடாது.

நமக்கு நேரே பிளக்கைப் பார்த்தால் மேலே உள்ள பெரிய துளை எர்த். வலப்பக்கம் பேஸ், இடப்பக்கம் நியூட்ரல் இருப்பது முறை. பிளக்கின் சுவிட்சைப் போட்டுவிட்டுப் பாருங்கள்.

வலத் துளையில் டெஸ்டர் எரியவில்லை என்றால் கொட்டகைக்குப் பேஸ் வந்து சேரவில்லை என்று கொள்ளலாம். பீஸ் நன்றாக இருப்பதால் இடையில் ஒட்டு விட்டிருக்கலாம், அல்லது எலி கடித்து ஒயர் அறுந்திருக்கலாம்.

வலத் துளையில் எரிந்து, இடத் துளையிலும் எரிந்தால் என்ன பொருள்? "இரண்டிலும் கரண்ட் வருகிறது, ஆனால் எதுவும் ஓடவில்லை" என்று பலர் குழம்புவது இங்கேதான். நியூட்ரல் ஒயர் அறுந்துவிட்டது என்பதே இதன் பொருள். பேஸ் பல்பின் வழியாகச் சென்று, திரும்பிப் போக வழியில்லாமல் கொட்டகையிலுள்ள நியூட்ரல் ஒயர் முழுவதிலும் ஏறி நிற்கிறது. சோதித்துப் பார்க்க ஒரு வழி உண்டு. விளக்கின் சுவிட்சை அணைத்து, மெஷினையும் பிளக்கிலிருந்து எடுத்துவிட்டு மறுபடி பாருங்கள். இடத் துளையில் டெஸ்டர் அணைந்துவிட்டால் நியூட்ரல் அறுந்திருப்பது உறுதி.

இதை ஒவ்வொரு விவசாயியும் மனத்தில் கொள்ள வேண்டும். நியூட்ரல் அறுந்த கொட்டகையில் விளக்கு எரியாது, மெஷின் ஓடாது. ஆனால் கறுப்பு ஒயரைத் தொட்டாலும் அடிக்கும், சிவப்பு ஒயரைத் தொட்டாலும் அடிக்கும். விளக்கு எரியவில்லை என்பது கரண்ட் இல்லை என்பதற்கு அத்தாட்சி ஆகாது.

கோளாறு ஒளிந்திருக்கும் இடங்கள்

மேட்டூர் அணையில் 1937-ல் மின் உற்பத்தி தொடங்கிய காலந்தொட்டு, ஒயரிங் முறை பலவாறு மாறி வந்துள்ளது. பழைய சாளைகள் சிலவற்றில் மரப்பட்டி மேல் ஆணியடித்த அலுமினிய ஒயர் இன்னும் இருக்கிறது. அலுமினியம் நாளடைவில் திருகின் அழுத்தத்துக்குத் தளர்ந்து கொடுக்கும். அதனுடன் செம்பு ஒயரை முறுக்கி ஒட்டியிருந்தால், மழை ஈரத்தில் அந்த இடம் பூத்து அரித்துப்போகும். ஆகவே வீட்டுச் சுவரை விட்டு ஒயர் வெளியேறும் இடம், கொட்டகைக்குள் நுழையும் இடம், டேப் சுற்றிய ஒட்டு ஆகிய மூன்றையும் முதலில் சந்தேகப்பட வேண்டும். போர்டுக்குள் குளவிக்கூடும் எறும்புப் புற்றும் இருப்பதும் உண்டு.

அடுத்தது, பளு. ஒரு குதிரைத்திறன் உள்ள ஒருமுனை மோட்டார் ஓடும்போது ஏறத்தாழ 6 ஆம்பியர் இழுக்கும். கிளம்பும் கணத்தில் அதைப்போல் பல மடங்கு இழுக்கும். தட்டு வெட்டும் மெஷினை விளக்குக்கு உரிய 6 ஆம்பியர் பிளக்கில் மாட்டினால் திருகுகள் சூடேறித் தளரும், ஒயரின் மேல்தோல் கருகும். பிளக் கறுத்திருந்தாலும், தீய்ந்த வாடை வந்தாலும், காரணம் இதுவே. மெஷினுக்கு 16 ஆம்பியர் பிளக்கும், அதற்கென்று மெயின் போர்டிலிருந்து தனி ஒயரும் வேண்டும்.

பழுது பார்க்கும்போது

போர்டைத் திறக்கும் முன் மெயினை அணைக்க வேண்டும். வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் அதையும் அணைக்க வேண்டும். மெயினை அணைத்தாலும் இன்வெர்ட்டர் வழியே கரண்ட் வரும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். மெயின் அருகில் ஒருவரை நிறுத்தி, வேறு யாரும் போட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளச் செய்ய வேண்டும்.

ஒட்டைப் பிரித்துப் புதுப்பிப்பது, ஒயர் மாற்றுவது ஆகியவற்றைத் தகுதிச் சான்று பெற்ற ஒயர்மேனிடம் விடுவதே நல்லது. ஆனால் அவரிடம் மூன்று காரியங்களைக் கேட்டு வாங்குங்கள். ஒட்டுகளை முறுக்கி டேப் சுற்றாமல் கனெக்டர் வைத்து, மூடியுள்ள பெட்டிக்குள் போட வேண்டும். செம்பும் அலுமினியமும் நேராக ஒட்டக் கூடாது. ஒவ்வொரு திருகையும் இறுக்கியபின் ஒயரை லேசாக இழுத்துப் பார்க்க வேண்டும்.

எர்த்தை நியூட்ரலாக்காதீர்கள்

நியூட்ரல் அறுந்தால், அதைத் தேடாமல் எர்த் ஒயரில் ஒரு முனையைக் கொடுத்து விளக்கை எரிய வைக்கும் பழக்கம் கிராமங்களில் இருக்கிறது. கிணற்று மோட்டார் கொட்டகையிலும் இப்படிச் செய்கிறார்கள். விளக்கு எரியத்தான் செய்யும். ஆனால் கோடையில் எர்த் குழி காய்ந்துபோனாலோ, எர்த் கம்பி அறுந்தாலோ, அந்தக் கரண்ட் மோட்டார் உடலிலும் பைப்பிலும் தகரக் கூரையிலும் ஏறி நிற்கும். ஒரு 60 வாட் குண்டு பல்பு இழுப்பது சுமார் 260 மில்லி ஆம்பியர். மனிதனுக்கு 30 மில்லி ஆம்பியரே ஆபத்தானது. "பல்புக் கரண்ட் தானே" என்று எண்ணுவது எவ்வளவு தவறு என்பது இதிலிருந்து விளங்கும்.

மாடுகளுக்கு ஆபத்து இன்னும் அதிகம். முன்காலும் பின்காலும் எட்டி இருப்பதாலும், ஈரத் தரையில் நிற்பதாலும், தரையில் கசியும் கரண்ட்கூட அவற்றைச் சாய்த்துவிடும். பால் கறக்கும்போது மாடு காரணமின்றி உதைத்தாலும், தண்ணீர்த் தொட்டியை அணுகப் பயந்தாலும், கரண்ட் கசிவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று ஐயுற்று உடனே மெயினை அணைக்க வேண்டும்.

கொட்டகைக்குச் செல்லும் மின் இணைப்பில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்றைப் பொருத்திக்கொண்டால், கரண்ட் கசிந்த கணத்திலேயே அது இணைப்பைத் துண்டித்துவிடும். எர்த்தை நியூட்ரலாகப் பயன்படுத்தினால் அது நிற்காமல் விழுந்துகொண்டே இருக்கும். அதற்காக அதைக் கழற்றி எறிவோர் உண்டு. அது காவல் நாயைக் கொன்றுவிட்டுக் கதவைத் திறந்து வைப்பது போன்றது. மாதம் ஒரு முறை அதிலுள்ள சோதனைப் பொத்தானை அழுத்தி, விழுகிறதா என்று பார்க்கவும். வெயில் காலத்தில் எர்த் குழிக்குத் தண்ணீர் ஊற்றி வரவும்.

மீட்டருக்கு அப்பால், கம்பத்துப் பக்கம் கோளாறு என்றால் நாம் கை வைக்கக் கூடாது. 2021-ல் தொடங்கப்பட்ட மின்னகத்துக்கு 94987 94987 என்ற எண்ணில் தெரிவிக்கலாம். யாரையாவது கரண்ட் பிடித்துவிட்டால் அவரைத் தொடாமல் முதலில் மெயினை அணைக்க வேண்டும். பிறகு 108-ஐ அழைக்க வேண்டும்.

பருத்தி ஏலத்துக்கு மல்லசமுத்திரம் வரும் நாளில், ஒரு நல்ல டெஸ்டரும், அளவான பீஸ் கம்பியும், மூடியுள்ள ஒரு ஜங்ஷன் பெட்டியும் வாங்கிச் செல்லலாம். ஒரு கறவை மாட்டின் விலையோடு ஒப்பிட்டால் இந்தச் செலவு ஒன்றுமே இல்லை. விளக்கைப் போடக் கொட்டகைக்குப் போகும் வீட்டாரின் உயிருக்கோ விலையே கிடையாது.