வளைந்த பாதமும் வாய் மூடிய தாயும்



வாசலில் கழற்றி வைக்கப்பட்டிருக்கும் பிள்ளைகளின் செருப்புகளை நீங்கள் என்றாவது உற்றுப் பார்த்ததுண்டா? நான் குர்ஆன் மத்ரஸாவில் ஓதிக் கொடுக்கத் தொடங்கிய காலத்தில், வாசலில் ஒரு சோடிச் செருப்பு மட்டும் வேறாகத் தெரியும். இடது செருப்பு நல்லபடி இருக்கும். வலது செருப்போ வெளி ஓரம் முழுவதும் தேய்ந்து கிழிந்திருக்கும். அதற்குரிய சிறுவன் பாதத்தின் ஓரத்தால் மிதித்து நடப்பவன். மற்றப் பிள்ளைகள் ஓடி வந்து இடம் பிடித்த பிறகு, அவன் வந்து கடைசி வரிசையில் உட்காருவான்.

ஒரு நாள் அவனுடைய உம்மாவிடம், "சின்ன வயதில் வைத்தியரிடம் காட்டவில்லையா?" என்று கேட்டேன். அவர் முந்தானையை இழுத்து முகத்தை மறைத்துக்கொண்டார். "என்னிலதான் பிழை மௌலவி. இவன் வயித்துல இருக்கக்குள்ள கிரகணத்தன்டு நான் மரக்கறி வெட்டிட்டனாம். மாமி சொன்னாங்க" என்றார். அதற்கு மேல் அவர் பேசவில்லை.

பல ஆண்டுகள் கழித்து பங்களாதேஷ் குழந்தைகளைப் பற்றிப் படித்தபோது, அதே பதிலை அங்கேயும் கண்டேன். கிராமங்களில் வளைந்த பாதத்தோடு குழந்தை பிறந்தால், கிரகண நேரத்தில் தாய் எதையோ வெட்டினாள், எதையோ வளைத்தாள் என்று சொல்லும் வழக்கம் அங்கும் உண்டு. மொழி வேறு, கடல் வேறு. ஆனால் பழி சுமப்பவள் எங்கும் தாய்தான்!

இது என்ன நோய்?

இதனை வளைபாதம் என்பர். பாதம் உள்நோக்கித் திரும்பி, குதிகால் மேலே தூக்கி நிற்கும். உலகில் ஏறத்தாழ ஆயிரம் பிறப்புகளுக்கு ஒன்று என்ற அளவில் இது காணப்படுகிறது. பெண் குழந்தைகளை விட ஆண் குழந்தைகளுக்கே அதிகம். ஏறக்குறைய பாதிப் பேருக்கு இரு பாதங்களும் வளைந்திருக்கும். இதில் பரம்பரைக்கு ஒரு பங்கு உண்டு. கத்திக்கும் கிரகணத்துக்கும் எந்தப் பங்கும் இல்லை.

கவனிக்காமல் விட்டால் குழந்தை பாதத்தின் ஓரத்தாலோ மேற்புறத்தாலோ நடக்கப் பழகுகிறது. அங்கே தோல் தடித்துப் புண்ணாகிறது. சப்பாத்து அணிய முடியாது. வயலும் கூலி வேலையுமே வாழ்வாக இருக்கும் ஏழை நாட்டில், நடக்க முடியாத மனிதனுக்கு என்ன தொழில் கிடைக்கும்? பெண் பிள்ளையாக இருந்தால் திருமணப் பேச்சே தயங்கி நிற்கும்.

கத்தியை விட மென்மையான கை

முன்பு இதற்குப் பெரிய சத்திரசிகிச்சையே வழி என்று பல வைத்தியர்கள் கருதினர். பாதத்தைத் திறந்து, மூட்டுகளைச் சுற்றியுள்ள இணைப்புகளை வெட்டி நேராக்குவார்கள். குழந்தைப் பருவத்தில் நன்றாகத் தெரிந்த அந்தப் பாதங்களிற் பல, வளர்ந்த பின் விறைத்து வலியெடுத்தன.

இதை அவதானித்தவர் இக்னாசியோ பொன்செட்டி என்ற வைத்தியர். 1914 இல் ஸ்பெயினின் மெனோர்கா தீவில் பிறந்தவர். ஸ்பானிய உள்நாட்டுப் போரில் காயப்பட்டோருக்குச் சிகிச்சையளித்து, பின்பு நாட்டை விட்டு வெளியேறி, மெக்சிக்கோ வழியாக அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தை அடைந்தவர். குழந்தையின் எலும்பும் நாரும் இளமையானவை, அவற்றை வெட்டுவதை விட மெல்ல மெல்லத் திருப்புவதே நல்லது என்று கண்டார்.

அவருடைய முறை இதுதான். வைத்தியர் கையால் பாதத்தைச் சிறிது நேராக்கி, விரலிலிருந்து தொடை வரை பிளாஸ்டர் கட்டுப் போடுவார். ஒரு வாரம் கழித்து அதை அகற்றி, இன்னும் சிறிது திருப்பி, மறு கட்டுப் போடுவார். இப்படி ஐந்து, ஆறு வாரங்கள். இறுதியில் பெரும்பாலான குழந்தைகளுக்கு ஒரு சிறு சத்திரசிகிச்சை தேவைப்படும். குதிகாலின் பின்னாலுள்ள இறுகிய நாணை, அவ்விடத்தை மட்டும் மரக்கச் செய்து, நுண்ணிய கத்தியால் வெட்டி விடுவார்கள். சில நிமிட வேலை. மூன்று வாரம் கட்டுக்குள் இருக்கும்போதே அந்த நாண் நீண்டு வளர்ந்து பொருந்தி விடுகிறது.

1963 இலேயே அவர் இதை எழுதி வெளியிட்டும், மருத்துவ உலகம் பல பத்தாண்டுகள் பாராமுகமாக இருந்தது. 1990களின் இறுதியிலேயே இம்முறை பரவத் தொடங்கியது. 2009 இல் அவர் காலமானபோது உலகின் பல நாடுகளில் அவர் முறை வழக்கத்துக்கு வந்திருந்தது.

பிறர் கொடுத்த பணம்

அதே 2009 ஆம் ஆண்டில், கொலின் மக்ஃபர்லேன் என்ற அவுஸ்திரேலியரின் க்ளென்கோ அறக்கட்டளை, பங்களாதேஷில் 'வோக் ஃபோர் லைஃப்' என்ற திட்டத்தை ஆரம்பித்தது. புதிய மாளிகைகள் கட்டுவதை விட, அரச ஆஸ்பத்திரிகளிலேயே இடம் பெற்று சிகிச்சை நிலையங்களை நடத்துவது அதன் வழியாயிற்று. பிளாஸ்டர், காலணி, பயிற்சி எல்லாம் நன்கொடையாளர் பணத்தில். பெற்றோருக்குச் செலவில்லை. பல்லாயிரக்கணக்கான குழந்தைகள் பயனடைந்தனர். சிகிச்சை பெற்ற 400 குழந்தைகளை இரண்டு ஆண்டுகளின் பின் பார்த்த ஆய்வொன்று 2014 இல் வெளியானது. அவர்களில் ஏறத்தாழ எல்லோரும் தாமாகவே நடந்தார்கள்.

இத்தகைய சிகிச்சைக்கு உதவும் 'மிரக்கிள் ஃபீட்' என்ற அமெரிக்க நிறுவனம், ஒரு குழந்தையின் முழுச் சிகிச்சைக்கு ஏறக்குறைய 500 டொலர் ஆகும் எனக் கணக்கிட்டிருந்தது. நமது திருமண வீடுகளில் ஒரு வேளைச் சாப்பாட்டுக்குப் போகும் பணத்தை எண்ணிப் பாருங்கள்! அதில் எத்தனை பிள்ளைகள் எழுந்து நடக்கலாம்?

கொடுத்தவர் போன பிறகு

ஆனால் சகோதரிகளே, நன்கொடையாளரின் பணமும் வைத்தியரின் கையும் பாதி வேலையைத்தான் செய்கின்றன. மீதி பாதி ஒரு தாயின் கையில் இருக்கிறது.

கட்டுகள் முடிந்த பின் குழந்தைக்கு ஒரு காலணி தருவார்கள். இரண்டு சிறு சப்பாத்துகள், அவற்றை இணைக்கும் ஒரு சட்டம். முதல் மூன்று மாதங்கள் நாளொன்றுக்கு 23 மணி நேரம் அணிய வேண்டும். அதன் பின் நான்கு வயது வரை இரவுத் தூக்கத்தில் அணிய வேண்டும். இதை இடையில் விட்டால் பாதம் மீண்டும் வளையத் தொடங்கும். உகண்டாவில் ஸ்டீன்பீக் என்பவர், உள்ளூரில் கிடைக்கும் தோலையும் இரும்பையும் கொண்டே இந்தக் காலணியைச் செய்யும் வழியைக் காட்டினார். மலிவான பொருள்தான். அதை அணிவிப்பதே கடினம்.

குழந்தை இரவில் அழுகிறது. அயல் வீட்டுப் பெண் வந்து, "பச்சைப் பிள்ளைக்கு விலங்கு போட்டிருக்கிறாயே!" என்கிறாள். மாமியார் முகம் சுளிக்கிறார். பாதம்தான் நேராகிவிட்டதே, இனி எதற்கு என்று கணவர் கேட்கிறார். ஆஸ்பத்திரிக்குப் போகும் நாளில் ஒரு நாள் கூலி போகிறது, பஸ் சல்லி போகிறது. இத்தனைக்கும் நடுவில் அந்தப் பெண் ஒவ்வோர் இரவும் குனிந்து அந்த வாரை இறுக்க வேண்டும். தன் மேல்தான் பிழை என்று நம்பிக் கூனிப்போன ஒருத்தியால் வீட்டாரை எதிர்த்து அதைச் செய்ய இயலுமா? அதனால்தான் நல்ல சிகிச்சை நிலையங்களில் பிளாஸ்டர் போடுபவரோடு, தாய்க்கு ஆறுதலும் விளக்கமும் சொல்பவரும் இருக்கிறார்.

நம்மிடம் இதற்கொரு பழைய மருந்து இருக்கிறது. நபி (ஸல்) அவர்களின் அருமை மகன் இப்ராஹீம் மரணித்த அன்று சூரிய கிரகணம் ஏற்பட்டது. மக்கள் இரண்டையும் முடிச்சுப் போட்டார்கள். துயரத்திலிருந்த அந்தத் தந்தையோ, எவருடைய மரணத்துக்காகவும் பிறப்புக்காகவும் கிரகணம் பிடிப்பதில்லை என்று அதை மறுத்துவிட்டார்கள். அப்படியிருக்க, ஒரு கர்ப்பிணியின் மரக்கறிக் கத்தியோடு கிரகணத்தை முடிச்சுப் போட நமக்கு என்ன உரிமை?

ஆகவே, பிறந்த பிள்ளையின் பாதங்களை முதல் நாளே கையில் எடுத்துப் பாருங்கள். வளைந்திருந்தால் எண்ணெய் தடவிக் காலம் கடத்தாமல் வைத்தியரிடம் காட்டுங்கள். கொடுக்க வசதியுள்ளவர்கள், சிகிச்சைக்குக் கொடுப்பதோடு அந்த உம்மாவின் பஸ் செலவையும் நினைத்துக் கொடுங்கள். மாமியாராக இருப்பவர்கள், காலணியின் மற்ற வாரை நீங்கள் பிடித்துக் கொடுங்கள்.

அன்று அந்த உம்மா முகத்தை மறைத்தபோது, உங்கள் மேல் பிழையில்லை என்று நான் உடனே சொல்லியிருக்க வேண்டும். சொல்லத் தெரியாமல் நின்றுவிட்டேன். உங்களுக்குத் தெரிந்த ஒருத்தி அப்படி முகம் மறைத்திருந்தால், நீங்களாவது இன்றே போய்ச் சொல்லிவிடுங்கள்.