கூண்டை வளைக்கும் நீலக்கிளி!

கிளி வளர்ப்பது நமக்குப் புதிதல்ல. ஆனால் தலையில் இருந்து வால் நுனி வரை ஒரு மீட்டர் நீளம் உள்ள கிளி என்றால்? மூன்று வயதுக் குழந்தையின் உயரம் அது!

தென் அமெரிக்காவில், பிரேசில் நாட்டில் அப்படி ஒரு கிளி இருக்கிறது. உடல் முழுவதும் நீலம். கண்ணைச் சுற்றியும் அலகின் ஓரத்திலும் மஞ்சள். பஞ்சவர்ணக்கிளி இனம்தான். ஆனால் வர்ணம் ஐந்து இல்லை, இரண்டே இரண்டு! எடை ஒன்றரை கிலோ இருக்கும். பறக்கும் கிளிகளில் இதைவிட நீளமானது வேறு கிடையாது.

மாட்டுப்பட்டியில் விருந்து

பான்டனால் என்ற சதுப்பு நிலத்தில் இவை அதிகம். பனை இனக் கொட்டைகள்தான் சாப்பாடு. சுத்தியலுக்கே லேசில் மசியாத கொட்டையை அலகால் உடைத்துவிடும். மாடுகள் அந்தப் பழத்தைத் தின்று, கொட்டையை வெளியே போடும். சதை நீங்கிய கொட்டைகளைப் பொறுக்க மாட்டுப்பட்டிக்கே கிளிகள் கூட்டமாக வந்து இறங்கும்.

கூடு கட்டுவதில்தான் கஷ்டம். பெரும்பாலும் மண்டுவி என்ற மரத்தின் பொந்துதான் வேண்டும். மரத்துக்கு 60 வயதாவது ஆனால்தான் பொந்து போதுமான அளவுக்குப் பெரிதாகும். இரண்டு முட்டை இடும். அநேகமாக ஒரு குஞ்சுதான் தேறும்.

காட்டுப் பறவைகளைப் பிடிக்கக்கூடாது என்று பிரேசில் 1967-லேயே சட்டம் போட்டது. ஆனாலும் 1980-களில் சுமார் 10 ஆயிரம் நீலக்கிளிகள் பிடிக்கப்பட்டதாக மதிப்பிடுகிறார்கள். 1987-ல் சர்வதேச வியாபாரத்துக்குக் கடுமையான தடை வந்தது. 1990-ல் நெய்வா கெடஸ் என்ற பெண் உயிரியலாளர் வேலையைத் தொடங்கினார். மரம் ஏறிப் பொந்துகளைச் செப்பனிட்டார், மரப்பெட்டிகளைக் கட்டினார். பான்டனாலில் 1,500 ஆக இருந்த கிளிகள் 5 ஆயிரம் ஆயின. 2020-ல் பெருந்தீ வந்து அந்தக் காடுகளைச் சுட்டது தனிக்கதை.

வீட்டுக்கு வந்தால்...

கூண்டில் பிறந்த நீலக்கிளிகளைச் செல்லமாக வளர்ப்பவர்கள் பல நாடுகளில் உண்டு. சாதாரணக் கம்பிக்கூண்டை வளைத்துவிடும். நாற்காலிக் கால், கதவு நிலை எதையும் விடாது. கத்தலோ ஊரைக் கூட்டும். இரவு ஷிப்டு முடிந்து பக்கத்து அறையில் ஒருவர் தூங்கினால் சண்டை நிச்சயம்!

ஆனால் சுபாவம் சாது. ஆளோடு ஒட்டிக்கொள்ளும். அதுதான் ஆபத்தும். ஆள் வேலைக்குப் போய், நாள் முழுவதும் தனியாக இருந்தால், தன் இறகைத் தானே பிடுங்கிக்கொள்ளும். சமையலில் ஒட்டாத பாத்திரம் அளவுக்கு மீறிச் சூடாகி வரும் புகையும் பறவைகளைக் கொன்றுவிடும்.

இந்தியாவில் இத்தகைய வெளிநாட்டுக் கிளியை வைத்திருப்பவர், 2024-ல் வந்த விதிகளின்படி வனத்துறையிடம் பதிவு செய்ய வேண்டும். குஞ்சு பொரித்தாலும், கை மாறினாலும், இறந்தாலும் சொல்ல வேண்டும். நம் ஊர்ப் பச்சைக்கிளியையோ கூண்டில் வைப்பதே குற்றம். பலருக்கு இது தெரிவதில்லை.

வயதுதான் பெரிய பிரச்சினை. வளர்ப்பில் 50 ஆண்டுகூட வாழும். 40 வயதில் வாங்கினால் 90 வரை யார் கொட்டை உடைத்துப் போடுவது? தனக்குப் பிறகு கிளி யாரிடம் போக வேண்டும் என்று உயிலில் எழுதுகிறவர்கள் வெளிநாடுகளில் இருக்கிறார்கள். எழுதாத வீட்டுக் கிளிகள் காப்பகத்துக்குப் போகின்றன. பழகிய குரலைக் காணாமல், அங்கே மறுபடி இறகைப் பிடுங்க ஆரம்பிப்பவையும் உண்டு.