விமானியின் காதில் ஏன் இரைச்சல்?



மலாக்காவில் பத்து பெரண்டாம் வட்டாரத்தில் வாழ்வோர், சிறு விமானங்கள் வானில் வட்டமிடுவதைப் பலமுறை கண்டிருப்பார்கள். 1980களிலிருந்து அங்கே விமானம் ஓட்டப் பயிற்சி அளிக்கப்பட்டு வருகிறது. பயிற்சி பெறுபவரும் ஆசிரியரும் அருகருகே அமர்ந்திருந்தாலும், எந்திர ஓசையில் ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேட்காது. அதனால் இருவரும் 'ஹெட்செட்' எனப்படும் காதுக் கருவியை அணிகிறார்கள். கட்டுப்பாட்டுக் கோபுரத்தின் கட்டளையும் அதன் வழியேதான் வரும்.

அந்தக் கருவியில் இரைச்சல் புகுந்தால் என்ன ஆகும்? 1977ஆம் ஆண்டு மார்ச் 27ஆம் நாள், ஸ்பெயினைச் சேர்ந்த டெனெரிஃப் தீவில் பனிமூட்டத்தினிடையே இரு பெரிய விமானங்கள் மோதி 583 பேர் மாண்டனர். விபத்துக்குக் காரணங்கள் பல. அவற்றுள் ஒன்று, இருவர் ஒரே நேரத்தில் வானொலியில் பேசியதால் முக்கியமான சொற்கள் கீச்சொலியில் மறைந்துபோனது. அங்கே கருவியில் பழுது இல்லை. ஆனாலும் சில சொற்கள் கேட்காமற் போவது எத்தகைய ஆபத்து என்பதை அது காட்டிற்று.

சிறு விமானத்தில் இரைச்சலைக் கண்டுபிடிக்க முதற்கருவி காதுதான். எந்திர வேகம் கூடும்போது கூடவே உயரும் 'ஊ' என்ற ஓசையா? மின்சாரம் உண்டாக்கும் ஆல்ட்டர்னேட்டரை ஐயுறலாம். அதனுள் இருக்கும் டையோடு ஒன்று கெட்டாலும் இவ்வோசை எழும். 'டிக் டிக்' என்று எந்திரத்தோடு விரைகிறதா? தீப்பொறி தரும் மேக்னிட்டோவையும் அதன் கம்பிகளின் உலோக உறையையும் பார்க்க வேண்டும். விநாடிக்கொரு முறை ஏறி ஏறி நிற்கிறதா? இறக்கை நுனியில் பளிச்சிடும் விளக்கின் மின்பெட்டியாக இருக்கலாம்.

அடுத்து, ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்ப்பது. முதலில் வேறொரு ஹெட்செட்டை மாட்டிப் பார்க்கிறார்கள். பின், எந்திரத்தை நிறுத்தி மின்கலத்தில் மட்டும் வானொலியை இயக்குகிறார்கள். அப்போது இரைச்சல் இல்லையென்றால், எந்திரத்தோடு ஓடும் பாகத்தில்தான் கோளாறு. விமானத்தைத் தரையில் நிறுத்தி எந்திரத்தை ஓடவிட்டு, ஆல்ட்டர்னேட்டரை மட்டும் நிறுத்தும்போது ஓசை அடங்கினால், கோளாறு அங்கேயே. ஒலியைக் கூட்டிக் குறைக்கும் குமிழைத் திருப்பும்போது இரைச்சல் மாறவே இல்லையென்றால், அது அக்குமிழுக்குப் பின்னால், அதாவது ஹெட்செட் செருகும் இடத்தை ஒட்டி நுழைகிறது எனலாம்.

பலமுறை குற்றவாளி ஒரு தளர்ந்த திருகாணியோ, துருவேறிய எர்த் இணைப்போதான். ஹெட்செட் செருகும் துளை விமானத்தின் உலோக உடலைத் தொடாதபடி, மின்சாரம் பாயாத வளையமிட்டுப் பொருத்தப்படும். அவ்வளையம் தேய்ந்தால், மற்றக் கருவிகளின் மின்சாரம் திரும்பும் பாதையில் உள்ள ஓசையெல்லாம் விமானியின் காதுக்கு வந்துவிடும். வடிகட்டிகளை வாங்கி மாட்டுமுன் இவற்றைப் பார்ப்பது பணத்தையும் மிச்சப்படுத்தும். பழுதுபார்ப்பதோ உரிமம் பெற்ற தொழில்நுட்பரின் வேலை.

இதே முறை நம் வீட்டுக்கும் பொருந்தும். மோட்டார் சைக்கிள் கடந்து போகும்போது பழைய வானொலிப் பெட்டி கரகரப்பதைக் கேட்டிருப்பீர்கள். அதன் பிளக்கில் எழும் தீப்பொறியே காரணம். எந்த வண்டியும் போகாதபோது கரகரத்தால், விளக்கு, காற்றாடி என்று ஒவ்வொன்றாக நிறுத்திப் பாருங்கள். எதை நிறுத்தும்போது ஓசை நிற்கிறதோ, அதைக் குறித்துக்கொள்ளுங்கள். அது தளர்ந்த சுவிட்சாக இருந்தால், உள்ளே தீப்பொறி பறக்கிறது என்று பொருள். அது சூடேறினால் வீடே தீப்பற்றக்கூடும். அதைப் பிறகு தொடாதீர்கள், வயர்மேனை அழையுங்கள்.

தோட்டத்துப் பிள்ளைகளுக்கும் நாம் ஒன்று சொல்வோம். விமானத் தொழில் என்றால் ஓட்டுவது மட்டுமன்று. காது கொடுத்துக் கேட்டு, பொறுமையாக ஒவ்வொன்றாய்ச் சோதித்து, கோளாற்றைக் கண்டுபிடிக்கும் தொழில்நுட்பரும் அதில் தேவை. அந்தப் பழக்கத்தை வீட்டு வானொலியிலிருந்தே தொடங்கலாம்.