பள்ளிக்கூடத்திற்கு ஓட்டுக் கேட்டவர்

திருவண்ணாமலையிலிருந்து திண்டிவனம் செல்லும் சாலையிலே, மணிலாவும் நெல்லும் விளையும் பூமியின் நடுவே இருப்பது கீழ்பென்னாத்தூர். 2008ஆம் வருஷத்துத் தொகுதி மறுசீரமைப்பினால் அவ்வூர் தன் பெயராலேயே ஒரு சட்டசபைத் தொகுதியாயிற்று. 2011இல் அதற்கு முதல் தேர்தல் நடந்தது. சட்டசபைக்கு யார் நின்றார், பேரூராட்சிக்கு யார் நின்றார் என்று அங்கே எவரைக் கேட்டாலும் பதில் கிடைக்கும். 'பள்ளிக்கூடத்திற்கு யார் நின்றார்?' என்று கேட்டுப் பாருங்கள். கேட்டவரை ஏற இறங்கப் பார்ப்பார்கள். பள்ளிக்கூடத்திற்கென்று ஒரு தேர்தலா? அதற்கு ஓட்டுப் பெட்டியா? அபேட்சகரா?

உண்டு. பள்ளிக்கூடங்களை நிர்வகிப்பதற்கென்றே ஜனங்கள் தனியாக ஓட்டளித்துப் பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுக்கும் தேசங்களில் கனடா ஒன்று. அத்தேசத்திலே நம் தமிழர் ஒருவர் இருபது வருஷ காலத்தில் மூன்று தடவை அத்தகைய ஸ்தானத்திற்கு நின்று வென்றிருக்கிறார். அவருடைய சரித்திரம் நமக்கு ஒரு பாடம். அந்த ஸ்தானத்திற்கு 2025இல் நேர்ந்த கதி நமக்கு ஓர் எச்சரிக்கை.

திரு. நீதன் சாண் இலங்கையில் பிறந்தவர். இளவயதில் கனடாவில் குடியேறியவர். தமிழ் இளைஞர்களிடையே தொண்டு செய்து பொது வாழ்வுக்கு வந்தார். 2006ஆம் வருஷம், டொராண்டோவை அடுத்த மார்க்கம் நகரிலிருந்து யார்க் பிராந்தியப் பள்ளி வாரியத்திற்கு அங்கத்தினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். குடியேறி வந்த ஒரு சமூகத்திற்கு இது சிறிய விஷயமன்று. அயல்நாட்டில் கால் ஊன்றுகிறவன் முதலில் தேடுவது வேலை. அடுத்துத் தேடுவது தன் குழந்தைக்குப் பள்ளிக்கூடம். அந்தப் பள்ளிக்கூடத்தின் நிர்வாக மேஜையில் தன் பாஷை பேசும் ஒருவர் உட்கார்ந்திருப்பது, சட்டசபையில் உட்காருவதைக் காட்டிலும் அவனுக்கு நெருக்கமான காரியம்.

அதன் பிறகு அவருடைய பாதை நேராகச் செல்லவில்லை. புதிய ஜனநாயகக் கட்சியின் சார்பில் 2011லும் 2014லும் ஒன்டாரியோ மாகாணச் சட்டசபைக்கு நின்று தோற்றார். நகரசபைக்கு நின்றும் தோற்றார். 2012இல் அக்கட்சியின் மாகாணக் கிளைக்குத் தலைவராக விளங்கியவர் அவர். அப்படியிருந்தும் ஜனங்கள் சட்டசபைக்கு அனுப்பவில்லை. 2016 ஜனவரியில் டொராண்டோ பள்ளி வாரியத்திற்கு நடந்த இடைத்தேர்தலில் நின்றார், வென்றார். அதே வருஷம் செப்டம்பரில் மீண்டும் சட்டசபை இடைத்தேர்தல், மீண்டும் தோல்வி. 2017 பிப்ரவரியில் நகரசபை இடைத்தேர்தலில் வென்று, டொராண்டோ நகரசபையின் முதல் தமிழ் அங்கத்தினரானார்.

பள்ளி வாரியத்தை ஏணியாக உபயோகித்தார் என்று இவ்விடத்தில் ஒருவர் குறை கூறலாம். ஓராண்டுக்கு முன் பள்ளிக்கூடங்களுக்காக ஓட்டுப் பெற்றவர் நடுவிலே விட்டுப் போனது உண்மையே. அந்த ஏணியில் ஏறியவர் அவர் ஒருவருமல்லர். யார்க் பிராந்தியப் பள்ளி வாரியத்தில் பணியாற்றிய ஜுவனிடா நாதன் 2022இல் மார்க்கம் நகரசபைக்கும், 2025இல் கனடாவின் பார்லிமெண்டுக்கும் சென்றார். டொராண்டோ பள்ளி வாரியத்தில் இருந்த பார்த்தி கந்தவேள் 2023இல் நகரசபைக்குச் சென்றார். பள்ளிக்கூட நிர்வாகத்திலே ஜனங்களுக்குப் பதில் சொல்லக் கற்றவன் மேலே போவது தேசத்திற்கு நல்லதேயன்றிக் கெடுதல் அன்று. ஏறியவன் மீண்டும் இறங்கி வருவானா என்பதே கேள்வி.

நீதன் சாண் விஷயத்தில் அக்கேள்விக்குத் தேர்தலே விடை கூறிற்று. 2018இல் மாகாண சர்க்கார், தேர்தல் பிரசாரம் நடந்துகொண்டிருக்கும்போதே, டொராண்டோ நகரசபையின் வட்டாரங்களை 47இலிருந்து 25ஆகக் குறைத்தது. இரண்டு வட்டாரத்து அங்கத்தினர்கள் ஒரு வட்டாரத்தில் மோத வேண்டியதாயிற்று. அத்தேர்தலில் அவர் 154 ஓட்டு வித்தியாசத்தில் தோற்றார். பெரிய சபையில் இருந்து பழகியவர்கள் தோற்றபின் சிறிய ஸ்தானத்தை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. அது கௌரவக் குறைவு என்பது நம் நாட்டு எண்ணம். அவரோ 2022இல் மறுபடியும் பள்ளி வாரியத்திற்கே நின்றார்; வென்றார். 2025இல் அவ்வாரியத்தின் தலைவராக இருந்தார். கனடாவிலேயே மிகப் பெரிய பள்ளி வாரியம் அது. அதன் பாடசாலைகளில் இரண்டு லட்சத்திற்கு மேற்பட்ட பிள்ளைகள் படிக்கிறார்கள்.

அந்த ஸ்தானத்திற்கு வயது இருநூறுக்கு மேல். 1816ஆம் வருஷத்திலேயே அப்பிரதேசத்தில் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. ஓர் ஊரார் கூடிப் பள்ளிக்கூடம் அமைத்து, தங்களுக்குள் மூவரைத் தர்மகர்த்தர்களாகத் தேர்ந்தெடுத்து, உபாத்தியாயரை நியமித்துக் கொள்ளலாம் என்பது அதன் சாரம். காடு திருத்திக் குடியேறிய ஜனங்கள், பிள்ளைகளின் படிப்பைத் தங்கள் கையில் வைத்துக் கொண்டார்கள். அந்தக் கையிலிருந்து அதிகாரம் ஒவ்வொன்றாகக் கழன்றது. 1997இல் மாகாண சர்க்கார் வாரியங்களின் எண்ணிக்கையைக் குறைத்தது. பள்ளிக்கூடங்களுக்கென வரி விதிக்கும் அதிகாரத்தையும் எடுத்துக் கொண்டது. பணம் போன பின்பு ஸ்தானம் மிஞ்சிற்று.

2025 ஜூன் மாதம் அந்த ஸ்தானத்திற்கும் ஆபத்து வந்தது. டொராண்டோ வாரியம் உட்பட நான்கு பள்ளி வாரியங்களைக் கல்வி மந்திரி பால் கலண்ட்ரா தம் மேற்பார்வையின் கீழ்க் கொண்டு வந்தார். ஒவ்வொன்றுக்கும் ஓர் அதிகாரி நியமிக்கப்பட்டார். அங்கத்தினர்களின் அதிகாரம் நிறுத்தி வைக்கப்பட்டது. நிதி நிர்வாகம் சீர்கெட்டது என்பது சர்க்கார் கூறிய காரணம். சர்க்கார் போதிய பணம் தராததே பற்றாக்குறைக்குக் காரணம் என்பது வாரியத்தின் பதில். அங்கத்தினர் ஸ்தானத்தையே ஒழித்து விடலாமா என்றும் மந்திரி யோசித்தார். நவம்பரில் வாரியங்களின்மேல் மந்திரிக்கு அதிக அதிகாரம் தரும் சட்டமும் நிறைவேறிற்று. இதற்கிடையே, செப்டம்பரில் நடந்த நகரசபை இடைத்தேர்தலில் நீதன் சாண் வென்று மீண்டும் நகரசபைக்குச் சென்றார்.

வாரியங்களின்மேல் குற்றமே இல்லை என்று நாம் சொல்லவில்லை. ஒன்டாரியோவில் வேறொரு வாரியத்தின் அங்கத்தினர் நால்வர் 2024இல் இத்தாலிக்குப் போய், பாடசாலைக்கு வைக்கவென்று சமயக் கலைப் பொருள்கள் வாங்கினார்கள். ஊர்ப் பணத்தில் இந்த யாத்திரை ஏன் என்று ஜனங்கள் கொதித்தார்கள். கொதித்தது நியாயமே. ஆனால் தவறு செய்த பிரதிநிதிக்குத் தண்டனை தர ஓட்டரிடம் ஓட்டு இருக்கிறது. தவறு செய்யும் அதிகாரிக்குத் தண்டனை தர அவரிடம் என்ன இருக்கிறது? பிரதிநிதியின் வீட்டுக் கதவைப் பெற்றோர் தட்டலாம். நியமிக்கப்பட்ட அதிகாரிக்கு எஜமானர் மந்திரி ஒருவரே. வீட்டில் எலி புகுந்தது என்பதற்காக வீட்டையே கொளுத்துவார் இல்லை.

'கனடாவில் நடப்பது கீழ்பென்னாத்தூருக்கு என்ன?' என்று கேட்கலாம். நம் வீட்டிலும் இதே கதை முன்னமே நடந்து முடிந்தது என்பதே விடை. பழைய தலைமுறையினர் 'போர்டு ஸ்கூல்' என்று சொல்லக் கேட்டிருப்போம். எந்தப் போர்டு அது? 1884ஆம் வருஷத்துச் சென்னை ஸ்தல போர்டுகள் சட்டப்படி அமைந்த ஜில்லா போர்டும் தாலுகா போர்டுமே அவை. சாலையோடும் ஆஸ்பத்திரியோடும் பள்ளிக்கூடமும் அவற்றின் பொறுப்பில் இருந்தது. 1920ஆம் வருஷத்துச் சட்டத்திற்குப் பின் ஓட்டரின் கை அவற்றில் ஓங்கிற்று. வட ஆற்காடு ஜில்லாவைச் சேர்ந்திருந்த நாளில் கீழ்பென்னாத்தூரும் இந்த ஏற்பாட்டிற்குள் இருந்ததுதான்.

தாலுகா போர்டுகள் 1934இல் எடுக்கப்பட்டன. 1958ஆம் வருஷத்துச் சட்டங்களையடுத்து ஜில்லா போர்டுகளும் மறைந்தன. ஆரம்பப் பாடசாலைகள் பஞ்சாயத்து யூனியன்களுக்கு வந்தன. 1981இல் யூனியன் பாடசாலை உபாத்தியாயர்கள் சர்க்கார் ஊழியர்களானார்கள். போர்டுத் தலைவர்களின் கோபத்திற்கு அஞ்சி, இடமாற்றத்திற்கு அஞ்சி, தேர்தல் வேலை செய்த உபாத்தியாயர்களுக்கு இதனால் பாதுகாப்புக் கிடைத்தது. அதை நாம் மறுக்கவில்லை. பாதுகாப்பு வந்த வழியிலேயே ஊராரின் பொறுப்புப் போயிற்று. பெயர்ப்பலகையில் ஊரின் பெயர் நிலைத்தது. பள்ளிக்கூடம் ஊரைவிட்டு விலகிற்று.

ஸ்தல ஸ்தாபனங்களுக்கே பின்னர் என்ன நேர்ந்தது? 2016 அக்டோபரில் அவற்றின் காலம் முடிந்தது. நம் ஜில்லாவின் கிராமங்களில் 2019 டிசம்பரிலும், பேரூராட்சிகளில் 2022 பிப்ரவரியிலும்தான் மறு தேர்தல் நடந்தது. இடையில் தனி அதிகாரிகள் ஆண்டார்கள். டொராண்டோவில் அதிகாரி வந்தபோது பத்திரிகைகளில் பெரிய விவாதம் நடந்தது. இங்கே வருஷக்கணக்கில் அதிகாரி இருந்ததை எத்தனை பேர் கவனித்தோம்?

எனினும் நம் கையில் ஒரு துரும்பு இருக்கிறது. 2009ஆம் வருஷத்து இலவசக் கட்டாயக் கல்விச் சட்டப்படி, சர்க்கார் பாடசாலை ஒவ்வொன்றிலும் மேலாண்மைக் குழு அமைய வேண்டும். அங்கத்தினரில் முக்கால் பங்கு பெற்றோர். மொத்தத்தில் பாதி பெண்கள். பாடசாலை நடப்பதைக் கண்காணிப்பதும், அதன் அபிவிருத்தித் திட்டத்தைத் தயாரிப்பதும், வரும் பணம் செலவாகும் விதத்தைப் பார்ப்பதும் குழுவின் கடமை. தமிழ்நாட்டில் 2022லும் 2024லும் இக்குழுக்கள் புதிதாக அமைக்கப்பட்டன. இதற்கு ஓட்டுப் பெட்டி இல்லை; சுவரொட்டி இல்லை; மாலை மரியாதை இல்லை. ஆகவே நம் அரசியல் தொண்டர்களுக்கு இது ஒரு பதவியாகவே படவில்லை. கொடி கட்ட நூறு பேர் கிடைக்கும் ஊரில், கழிப்பறைக்குத் தண்ணீர் வருகிறதா என்று பார்க்க ஒருவர் கிடைப்பதில்லை.

சுயராஜ்யம் டில்லியில் ஆரம்பித்துக் கிராமத்தில் முடிவதன்று. கிராமத்துப் பள்ளிக்கூடத்துத் திண்ணையிலே ஆரம்பிப்பது. சட்டசபைக்குத் தோற்றும் பள்ளிக்கூடத்திற்கு மீண்டும் நின்ற ஒருவரை நாம் நினைவுகூர்வது, அவர் கட்சியைப் புகழ்வதற்கன்று. அந்தச் சிறிய ஸ்தானம் ஒரு மனிதனின் உழைப்புக்குத் தகுந்தது என்பதை அவர் நடத்தையில் காட்டினார். அதைப் பறித்தவர்களும் அதன் மதிப்பைத் தங்களை அறியாமலே நிரூபித்தார்கள். மதிப்பில்லாத பொருளை எவரும் பறிப்பதில்லை.

கீழ்பென்னாத்தூர்த் தொண்டர்களுக்கு நாம் சொல்வது இதுவே. அடுத்த முறை உங்கள் பாடசாலையில் பெற்றோர் கூட்டம் கூடும் நாளைத் தெரிந்து கொள்ளுங்கள். பெற்றோராயின் நில்லுங்கள்; இல்லையாயின் பெற்றோரை அழைத்துக்கொண்டு போங்கள். அபிவிருத்தித் திட்டத்தைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். வந்த பணம் எவ்வளவு, செலவு எவ்வளவு என்று கேளுங்கள். ஊரார் கேட்கத் தொடங்கிய இடத்தில் அதிகாரி பதில் சொல்லத் தொடங்குவார்.